இஸ்தான்புல்: அத்தையும் நானும் ஃபெர்ரியும்

சனிக்கிழமை, ராத்திரி

வந்து சேர்ந்தாச்சு! ஃப்ளைட், இமிக்ரேஷன், பெட்டிக்காக காத்திருக்கறது, இதெல்லாம் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான், அத விட்டுடலாம். இங்க ஏர்போர்ட் ஊருக்கு வடக்க ரொம்பத் தள்ளி, கருங்கடல் பக்கமா இருக்கு, அங்கேர்ந்து பஸ் புடிச்சு கடிக்கோய் வந்து இறங்கறதுக்குள்ள ராத்திரி ஆயிடுச்சு.

கடிக்கோய்ல தங்கறதுன்னு நான் ரொம்ப யோசிச்சுதான் முடிவு பண்ணேன். சுத்திப் பாக்க வர்றவங்க நெறைய பேர் சுல்தானஹ்மத் பக்கம்தான் ரூம் போடுவாங்க, ஏன்னா பெரிய மசூதி, அரண்மனை எல்லாமே அங்கதான் நடக்கற தூரத்துல இருக்கு. கடிக்கோய் ஆசியாக் கரை. இங்க தங்கினா எதப் பாக்கணும்னாலும் கடலத் தாண்டித்தான் போகணும். காலைல ஃபெர்ரி ஏறி ஆசியாலேர்ந்து ஐரோப்பா, சாயங்காலம் ஐரோப்பாலேர்ந்து ஆசியா. தினமும் அந்தப் பயணம் வேணும்ங்கறதுக்காகவே இங்க ரூம் போட்டேன்.

கூட வந்திருக்கறது என் அத்தை, அப்பாவோட அக்கா. ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கையில எப்பவும் ஒரு சின்ன கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் இருக்கும். ஆதில சர்ச்சா இருந்து பின்னாடி மசூதியான ஹாகியா சோஃபியாவோட குவிமாடத்துக்கு நேர் கீழ நின்னு ஒரு தடவ அண்ணாந்து பாக்கணும்ங்கறது அவங்களுக்கு ரொம்ப வருஷத்து ஆசை, அதுதான் இந்தப் பயணம்.

ஹோட்டலுக்குள்ள நுழைஞ்சா ரிசப்ஷன்ல ஒரே ஒரு சோஃபா, அதுல ஒரு ஆரஞ்சு கலர் பூனை கையக் கால நீட்டி தூங்கிட்டு இருந்துச்சு. அத்தை நிக்கறதப் பாத்துட்டு அந்த ரிசப்ஷன் தம்பி ஓடி வந்தாரு, பூனைய எழுப்புவாருன்னு பாத்தா, உள்ள போயி வேற நாற்காலி தூக்கிட்டு வந்து போட்டாரு. அத்தைக்கு அந்த தம்பிய அந்த நிமிஷமே புடிச்சுப் போச்சு, "நல்ல புள்ள கண்ணு இது"ன்னு என்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமை

இன்னிக்கு எழுத நெறைய இருக்கு.

காலைல கடிக்கோய் ஜெட்டிக்கு நடந்தே போனோம். இஸ்தான்புல்கார்ட்னு ஒரு கார்டு, அத ரெண்டு தடவ தட்டினா ரெண்டு பேரும் உள்ள போயிடலாம், பஸ் டிராம் மெட்ரோ ஃபெர்ரி எல்லாத்துக்கும் அதேதான். இது டூரிஸ்ட் படகு இல்லங்க, ஆபீஸ் போறவங்க, காலேஜ் பசங்க, காய்கறிப் பையோட பாட்டிங்க எல்லாரும் ஏறுற சாதாரண நகர ஃபெர்ரி, இதுக்கு 1851 லயே கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க. அந்த சாதாரண டிக்கெட்டுக்கு கெடைக்கற காட்சிய என்னன்னு சொல்றது!

ஐரோப்பாக் கரைல இருக்கற எமினோனுக்குப் போற ஃபெர்ரில மேல் தளத்துல வெளிப் பக்கம் உக்காந்தோம். படகு கிளம்பின உடனே வலது கைப் பக்கம் ஹைதர்பாஷா ரயில்வே ஸ்டேஷன். ஜெர்மன் கட்டடக் கலைஞர்கள் கட்டினது, 1908 ல முடிஞ்சுது, தண்ணிக்கடியில 1100 மரத்தூண்கள இறக்கி அதுக்கு மேல நிக்க வச்சிருக்காங்க. அடுத்தது நாலு மூலைலயும் கோபுரம் வச்ச ஒரு பிரம்மாண்ட கட்டடம். "இது என்ன கண்ணு, இவ்ளோ பெருசா?"ன்னு கேட்டாங்க. "செலிமியே பட்டாளக் குடியிருப்பு அத்தை, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854 ல வந்து வேலை பாத்த ஆஸ்பத்திரி இங்கதான் இருந்துச்சு"ன்னு சொன்னேன். அவ்ளோதான், அத்தை எந்திரிச்சு கம்பிய புடிச்சு நின்னுட்டாங்க. பக்கத்துல காலேஜ் படிக்கற பொண்ணு ஒருத்தி உக்காந்திருந்தா, அவகிட்ட இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாச்சு பாடம்: நைட்டிங்கேல்னா எல்லாரும் விளக்கப் புடிச்சுட்டு நடந்தவங்கன்னு மட்டும் நெனைக்கறாங்க, அவங்க ஒரு புள்ளியியல்காரங்க, சிப்பாய்ங்க சண்டைல செத்தத விட நோய்லதான் ஜாஸ்தி செத்தாங்கன்னு ஒரு வட்டப் படத்துல வரைஞ்சு காமிச்சவங்க. நோட்டத் தெறந்து அந்தப் படத்தையும் வரைஞ்சு காமிச்சாங்க. அந்தப் பொண்ணு நர்ஸிங் படிக்கறாளாம்! ரெண்டு பேரும் பேசின பேச்சுல குமரிக் கோபுரத்த அத்தை சரியா பாக்கவே இல்ல, நான்தான் தோளத் தட்டி, "அத்தை, இங்க பாருங்க, கடலுக்கு நடுவுல"ன்னு திருப்பி விட்டேன்.

இதுக்கு நடுவுல டீக்காரர் தட்டுல சின்னச் சின்ன கண்ணாடி டம்ளர அடுக்கிட்டு வந்தாரு, இடுப்பு ஒடுங்கின டம்ளர், செக்கச் செவேல்னு டீ, ரெண்டு சர்க்கரைக் கட்டி. படகு ஆடுது, அவர் கையில ஒரு சொட்டு சிந்தல. கடல்பறவைங்க படகோடயே பறந்து வருது, ஜனங்க எள்ளு ஒட்டின வளைய ரொட்டி, சிமித்னு பேரு, அதப் பிச்சுப் பிச்சு மேல எறியறாங்க, பறவை காத்துலயே புடிச்சுடுது.

இருபது நிமிஷம் ஆனதும் இடது பக்கம் டோப்காபி அரண்மனை மரங்களும், அதுக்குப் பின்னாடி ஹாகியா சோஃபியாவும் எழும்பி வந்துச்சு. அத்தை பேச்ச நிறுத்திட்டாங்க.

ஹாகியா சோஃபியா 2020 லேர்ந்து மறுபடி மசூதி, கீழ்த் தளம் தொழுகைக்கு வர்றவங்களுக்கு. வெளிநாட்டுக்காரங்க 2024 ஜனவரிலேர்ந்து தனி வாசல்ல 25 யூரோ டிக்கெட் எடுத்து மேல் மாடத்துக்குப் போகணும். அதனால அத்தை நெனச்ச மாதிரி நேர் கீழ நிக்க முடியல, ஆனா நான் சொல்றேன், மாடத்துலேர்ந்து பாக்கறதுதான் நல்லாருக்கு, குவிமாடம் இன்னும் கிட்டக்க இருக்கு. அத்தையும் அதையேதான் சொன்னாங்க.

இத 532 ல ஆரம்பிச்சு 537 ல முடிச்சிருக்காங்க, ஆறு வருஷம் கூட ஆகல. கட்டின ரெண்டு பேர் அந்தேமியுஸ், இசிடோர், ரெண்டு பேருமே வடிவியல் தெரிஞ்ச கணக்குக்காரங்க. இந்த விஷயம் அத்தைக்கு முன்னாடியே தெரியும், அதனாலதான் இந்த ஆசையே. சதுரமா நிக்கற நாலு தூணுக்கு மேல வட்டத்த எப்படி உக்கார வைக்கறது? சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல மூலைக்கு ஒண்ணா வளைஞ்ச முக்கோணம் நாலு வச்சாங்க, அதுதான் சூத்திரம். சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடம், தரைலேர்ந்து 55 மீட்டர் உயரத்துல, அடியில சுத்தி 40 ஜன்னல், அந்த ஜன்னல் வழியா வெளிச்சம் வரும்போது குவிமாடத்துக்குக் கீழ சுவரே இல்லாத மாதிரி தெரியுது. முதல்ல கட்டினது ரொம்பத் தட்டையா இருந்ததால, பூகம்பத்துல அசைஞ்சு 558 ல ஒரு பகுதி விழுந்துடுச்சு. இசிடோரோட சொந்தக்காரரு, அவர் பேரும் இசிடோர்தான், அதக் கொஞ்சம் உயரமாத் தூக்கி 562 ல மறுபடி முடிச்சாரு. "உயரத்தக் கூட்டினா பக்கவாட்டுல தள்ளற விசை கொறையும், கரெக்டா கண்டுபுடிச்சிருக்கான் பாரு"ன்னு அத்தை சொன்னப்ப, பதினாலு நூற்றாண்டுக்கு முந்தின அந்த ஆளு அவங்க கிளாஸ்ல படிச்ச பையன்னுதான் யாரும் நெனைப்பாங்க.

மாடத்துல இன்னும் ரெண்டு விஷயம், கண்டிப்பா பாருங்க. ஒண்ணு, பளிங்குக் கைப்பிடிச் சுவர்ல வைக்கிங் எழுத்துல யாரோ கீறி வச்சிருக்காங்க, ஹால்ஃப்டான்ங்கற பேர் மட்டும் படிக்க முடியுது, மிச்சம் அழிஞ்சு போச்சு. காவலுக்கு வந்த வட ஐரோப்பா சிப்பாயா இருக்கும், பூஜை ரொம்ப நீளமாப் போயிருக்கும் போல. இன்னொண்ணு மகாராணி ஸோயியோட மொசைக் படம். ஏசுவுக்கு ஒரு பக்கம் ராணி, இன்னொரு பக்கம் ராஜா, அதுல ராஜா தலை பின்னாடி மாத்தி ஒட்டினது! ஸோயிக்கு மூணு கல்யாணம், இப்ப இருக்கறது மூணாவது புருஷன் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன், தலைக்கு மேல பேரையும் அழிச்சு எழுதியிருக்காங்க. "உடம்ப அப்படியே விட்டுட்டு தலைய மட்டும் மாத்தறது நல்ல சிக்கனம்"னு அத்தை சிரிச்ச சிரிப்புல காவலர் திரும்பிப் பாத்து அவரும் சிரிச்சுட்டாரு.

திங்கட்கிழமை

இன்னிக்கு பூமிக்கடியில. ஹாகியா சோஃபியாவுக்கு எதுத்தாப்புலயே பசிலிக்கா நிலவறைத் தொட்டி. ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டினியன்ங்கற ராஜா காலத்துல அரண்மனைக்குத் தண்ணி சேத்து வைக்கறதுக்காகக் கட்டினது. படி எறங்கினா இருட்டு, ஈரக் காத்து, விளக்கு வெளிச்சத்துல தூண் தூணா போயிட்டே இருக்கு, கீழ கொஞ்சமா தண்ணி, அதுல அத்தனை தூணும் தலைகீழா தெரியுது. போர்டுல மொத்தம் 336 தூண்னு போட்டிருந்துச்சு. அத்தை ஒரு பக்கமா நின்னு குறுக்கால எண்ணினாங்க, 12 வரிசை. நீளவாக்குல எண்ண முடியாது, இருட்டுக்குள்ள போயிடுது. "336 ஐ 12 ஆல வகுத்தா 28. அப்ப ஒரு வரிசைக்கு 28 தூண். சரிதானே?"ன்னு பக்கத்துல நின்ன கைடுகிட்ட கேட்டாங்க, அந்தம்மா கூட்டிட்டு வந்த ஸ்கூல் பசங்கள நிறுத்தி, அத்தைய கை காமிச்சு துருக்கில என்னமோ சொன்னாங்க, பசங்க எல்லாம் கை தட்டினாங்க. அத்தை முகத்தப் பாக்கணுமே!

கடைசில ரெண்டு தூணுக்கு அடியில மெதூசா தலை இருக்கு, கிரேக்கக் கதைல முடிக்குப் பதிலா பாம்பு இருக்கற பொம்பள அவ, ஒண்ணு பக்கவாட்டுல சாஞ்சு, ஒண்ணு தலைகீழா. ஏன் அப்படி வச்சாங்கன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. வேற எங்கயோ பழைய கட்டடத்துல இருந்த கல்ல எடுத்துட்டு வந்து, உயரத்துக்கு ஏத்த மாதிரி திருப்பி வச்சுருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச கதை வேற. இப்படி ஒரு தொட்டி இருக்கறதே கொஞ்ச காலம் வெளில தெரியாம போயிருந்துச்சு, 1540கள்ல பெத்ருஸ் கில்லியுஸ்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் வந்தப்ப, அந்தத் தெருக்காரங்க வீட்டுத் தரைல ஓட்டை போட்டு வாளி விட்டு தண்ணி எடுத்துட்டு இருந்தாங்களாம், மீனும் புடிச்சாங்களாம்! வீட்டுக்குள்ள உக்காந்து மீன் புடிச்சா யாருக்குத்தான் சந்தேகம் வராது, அவரு தேடிப் போயி ஒருத்தர் வீட்டு வழியா உள்ள எறங்கிட்டாரு.

மீன்னதும் ஞாபகம் வருது. அங்கேர்ந்து டிராம்ல எமினோனு வந்து கலாட்டா பாலத்த நடந்தே கடந்தோம். பாலம் முழுக்க ரெண்டு பக்கமும் தூண்டில், ஒருத்தர் தோள ஒருத்தர் இடிக்காம எப்படித்தான் வீசறாங்களோ. அத்தை ஒரு பெரியவர் பக்கத்துல நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க. அவருக்கு இங்கிலீஷ் வராது, அத்தைக்கு துருக்கி வராது, அவர் பேசாம தூண்டிலத் தூக்கி அத்தை கையில குடுத்துட்டாரு. ஒரே கயித்துல வரிசையா நாலஞ்சு கொக்கி, ஒவ்வொண்ணுலயும் புழுவுக்குப் பதிலா சின்ன இறகு. கொஞ்ச நேரத்துல நுனி வெடுக்வெடுக்குனு இழுத்துச்சு, அத்தை "ஏய் ஏய் ஏய்"னு கத்திட்டே சுத்துறாங்க, மேல வந்தா மூணு வெள்ளிக் குட்டி மீன் ஒண்ணா துள்ளுது! சுத்தி இருந்த தூண்டில்காரங்க எல்லாம் விசில். அந்தப் பெரியவர் ரெண்ட வாளில போட்டு, ஒண்ண பின்னாடி திரும்பி கீழ வச்சாரு, அங்க ஒரு கறுப்புப் பூனை அவரோட பங்காளியா காலைலேர்ந்து காத்துட்டு இருந்திருக்கு.

பாலம் தாண்டினா கராக்கோய், அங்கேர்ந்து மலை மேல ஏற ட்யூனல்னு குட்டி சுரங்க ரயில். 1875 ல ஓட ஆரம்பிச்சது, லண்டனுக்கு அடுத்து உலகத்துலயே ரெண்டாவது பழைய நகர சுரங்க ரயில். மொத்தமே 573 மீட்டர்தான், உக்காந்து பைய மடில வைக்கறதுக்குள்ள மேல வந்துடும்.

மேல இஸ்திக்லால் தெரு. கூட்டம், கடை, சிவப்பு டிராம், அதெல்லாம் பரவால்ல. ஐஸ்கிரீம்காரர் கதையச் சொல்லணும். மராஷ் ஐஸ்கிரீம்னு, சாலெப்னு ஒரு கிழங்கு மாவும் மாஸ்டிக் பிசினும் போட்டு அடிச்சு அடிச்சு செய்யறதால இழுபட்டுட்டே இருக்கும், நீளக் கம்பில குத்தி கோனோட தூக்கி, நம்ம கைக்கு குடுத்த மாதிரி குடுத்து சுத்தி எடுத்துடுவாங்க. அத்தை முன்னாடி ரெண்டு குழந்தைங்க வாங்கறத நோட்டம் விட்டுட்டு, தன் முறை வந்ததும் கைய நீட்டி உள்ளங்கைய விரிச்சு வச்சுட்டு அசையாம நின்னாங்க. அவரு மேல தூக்கறாரு, கீழ சுத்தறாரு, வெறும் கோன நீட்டறாரு, அத்தை கை நகரல, ஹோம்வொர்க் கொண்டு வராத பையனப் பாக்கற பார்வை மட்டும். கடைசில அவரே சிரிச்சு, குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சு, ஐஸ்கிரீம அந்த உள்ளங்கைல பதமா வச்சுட்டாரு. தெருவே சிரிச்சுச்சு.

செவ்வாய்க்கிழமை

நாள் முழுக்க தண்ணில. எமினோனுலேர்ந்து போஸ்பரஸ் ஜலசந்தி முழுக்க மேல போற நீளப் பயண ஃபெர்ரி, கடைசி நிறுத்தம் அனடோலு கவாய், அதுக்கு அந்தப் பக்கம் கருங்கடல். ஜலசந்தி மொத்தம் 30 கிலோமீட்டர் சொச்சம். இது சாதாரண ஆறு மாதிரி தெரியும், ஆனா ரஷ்யா, உக்ரைன், ருமேனியா, பல்கேரியா பக்கத்துலேர்ந்து வர்ற கப்பலுக்கு இத விட்டா வெளிக்கடலுக்கு வேற வழி கெடையாது, அதனால நம்ம ஃபெர்ரிக்குப் பக்கத்துலயே அடுக்குமாடி உயரத்துக்கு டேங்கர் போகும்.

இந்தத் தண்ணி விஷயம் ஒண்ணு எனக்கு ரொம்ப நாளா புடிக்கும். மேல ஓடற தண்ணி கருங்கடல்லேர்ந்து தெக்க மர்மரா கடலுக்குப் போகுது. அடியில ஓடறது அதுக்கு நேர் எதிர்த் திசைல வடக்க போகுது! கருங்கடல்ல பெரிய ஆறுங்க வந்து சேர்றதால தண்ணில உப்பு கம்மி, லேசா இருக்கு, மேல ஓடுது. மத்தியதரைக் கடல் பக்கத்துத் தண்ணி உப்பு ஜாஸ்தி, கனமா அடியில ஓடுது. இங்க மீன்காரங்களுக்கு இது முன்னாடியே தெரியும், ஆழமா விட்ட வலை எதிர்ப்பக்கம் இழுக்கும். 1679 வாக்குல மார்சிலின்னு ஒரு இளம் இத்தாலிக்காரர் வந்து, கயித்துல வெள்ளை பூசின தக்கைய வரிசையா கட்டி எறக்கிப் பாத்தாரு, மேல இருந்த தக்க ஒரு பக்கம் போக, ஆழத்துல இருந்தது மறுபக்கம் திரும்புச்சு. அத்தை இதக் கேட்டுட்டு பாதி வழி கைப்பிடிக் கம்பிக்கு வெளில எட்டிப் பாத்துட்டே வந்தாங்க.

ரூமெலி கோட்டை வர்ற இடம் ஜலசந்தியோட ஒடுக்கமான இடம், 700 மீட்டர்தான். இரண்டாம் மெஹ்மத் சுல்தான் 1452 ல நாலே மாசம் சொச்சத்துல கட்டி முடிச்ச கோட்டை, அடுத்த வருஷம் ஊரையே புடிச்சுட்டாரு. எதிர்க் கரைல அவரோட கொள்ளுத்தாத்தா பாயஸீத் கட்டின சின்னக் கோட்டை. ரெண்டு பக்கமும் பீரங்கி வச்சுட்டா ஒரு படகு தாண்ட முடியாது. இப்ப அதுக்குப் பக்கத்துல 1988 ல கட்டின ரெண்டாவது பாலம். முதல் பாலம் 1973, மூணாவது வடக்க 2016.

கன்லிஜாங்கற ஊர் தயிருக்குப் பேர் போனது, படகுலயே விக்க வந்தாங்க, கெட்டித் தயிர், மேல பொடிச் சர்க்கரைய மலையாக் கொட்டி சாப்பிடணும். அத்தை முதல்ல சர்க்கரை வேணாம்னாங்க. பக்கத்து சீட் அம்மா விடல, அவங்க பொட்டலத்த அவங்களே பிரிச்சு அத்தை தயிர்ல கொட்டிட்டாங்க. அப்புறம் அத்தை இன்னொண்ணு வாங்கினாங்க.

அனடோலு கவாய்ல எறங்கி மேல யோரோஸ் கோட்டைக்கு ஏறினோம். ஏத்தம் நல்ல ஏத்தம், நடுநடுவுல நின்னு நின்னுதான் போனோம், ஆனா மேல போனதும் ஒரு பக்கம் ஜலசந்தி, இன்னொரு பக்கம் கரையே தெரியாம கருங்கடல், ஜலசந்தி கருங்கடல்ல சேர்ற எடத்துகிட்ட மூணாவது பாலம். அத்தை ஒரு கல்லு மேல உக்காந்து ரெண்டு தண்ணி சேர்ற எடத்த நோட்ல வரைஞ்சாங்க.

திரும்பி வரும்போதுதான் அது நடந்துச்சு. டெக்ல ஒரு சின்னப் பையன் "யூனுஸ்! யூனுஸ்!"னு கத்தினான், எல்லாரும் ஒரு பக்கமா ஓடினோம், டால்ஃபின்! மூணு நாலு இருக்கும், படகோட முன் பக்கத்துல வளைஞ்சு வளைஞ்சு போச்சு. ஒன்றரைக் கோடி ஜனம் இருக்கற ஊருக்கு நடுவுல, டேங்கருக்கும் ஃபெர்ரிக்கும் இடையில டால்ஃபின். டீக்காரர் கூட தட்ட கீழ வச்சுட்டு வந்து நின்னாரு. போட்டோ ஒண்ணும் சரியா வரல, வேணாம், கண்ணுல இருக்கு.

புதன்கிழமை

சுலைமானியே மசூதி. எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் புடிச்ச கட்டடம் எதுன்னு கேட்டா இதுதான், ஹாகியா சோஃபியா ஆச்சரியப்பட வைக்கும், இது மனச நிதானப்படுத்தும். உள்ள கூட்டம் கம்மி, கம்பளத்துல உக்காந்து எவ்ளோ நேரம் வேணா அண்ணாந்து பாக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. சினான்ங்கற கட்டடக் கலைஞர் கட்டினது, 1557 ல முடிஞ்சுது. குவிமாடத்தோட உயரம் 53 மீட்டர், குறுக்களவு 26.5 மீட்டர். சரியா பாதி! இத அத்தை படிச்சதும் என் கைய புடிச்சு அழுத்தினாங்க. எதிரொலி ஒழுங்கா இருக்கணும்னு கூரைக்குள்ள காலி ஜாடிகள பதிச்சிருக்காங்க, விளக்குப் புகை சுவர்ல படியாம காத்தோட்டத்துல வாசலுக்கு மேல இருக்கற ஒரு அறைக்குப் போற மாதிரி வச்சு, அந்தக் கரிய எடுத்து எழுத மை செஞ்சிருக்காங்க.

வெளில மதில் மூலைல சினானோட சமாதி, ரொம்ப சின்னது, தெருவப் பாத்த மாதிரி. அவர் தலைமைக் கட்டடக் கலைஞரா ஆனப்பவே வயசு ஐம்பது கிட்ட. அதுக்கப்புறம் ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்த வேலைல இருந்து, 1588 ல சாகற வரைக்கும் நூத்துக்கணக்குல கட்டியிருக்காரு. எதிர்னே ஊர்ல செலிமியே மசூதிய முடிச்சப்ப எண்பத தாண்டியாச்சு, அதத்தான் தன்னோட உச்சம்னு அவரே சொல்லியிருக்காரு, குவிமாடம் ஹாகியா சோஃபியாவுக்கு சமமா 31 மீட்டர் சொச்சம். அத்தை சமாதிக் கம்பிகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. "ரிட்டயர் ஆகற வயசுல ஆரம்பிச்சிருக்காரு கண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்க ரிட்டயர் ஆன வருஷம் வீட்டுக்குள்ளயே சோர்ந்து உக்காந்திருந்தத நான் பாத்திருக்கேன், அதனால அந்த வார்த்தை எனக்கு எங்கயோ போயி தொட்டுச்சு.

எதுத்த வரிசைக் கடைல வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் சாப்ட்டு, மசாலா பஜார் வழியா நுழைஞ்சு வெளில வந்தோம். பஜார பத்தி எல்லாரும் எழுதியாச்சு.

சாயங்கால ஃபெர்ரில அதே டீக்காரர், ஞாயித்துக்கிழமை பாத்தவரு. எங்களப் பாத்ததும் கேக்காமயே எனக்கு சர்க்கரை இல்லாம ஒண்ணு, அத்தைக்கு மூணு கட்டி வச்சு ஒண்ணு!

வியாழக்கிழமை

தீவுக்குப் போனோம். மர்மரா கடல்ல இளவரசர் தீவுகள், கடிக்கோய்லேர்ந்தே ஃபெர்ரி, அதே கார்டு. கினாலிஅடா, புர்காஸ்அடா, ஹெய்பெலிஅடா, கடைசில பெரிய தீவு புயுக்அடா. ஜனங்களுக்கு சொந்தக் கார் அனுமதி இல்லாத ஊர். முன்னாடி குதிர வண்டி ஓடிட்டு இருந்துச்சு, குதிரைங்க படற கஷ்டத்தப் பாத்து 2020 ல நிறுத்திட்டு மின்சார வண்டி விட்டிருக்காங்க, அது நல்ல முடிவு. மத்தபடி சைக்கிள், நடை, பைன் மர வாசனை.

மரத்துல கட்டின ஒரு பிரம்மாண்டமான பழைய கட்டடம் இருக்கு, வேலிக்கு வெளில நின்னுதான் பாக்கணும், ஐரோப்பாலயே பெரிய மரக் கட்டடம்னு சொல்றாங்க. 1890கள் கடைசில ஹோட்டலுக்குன்னு கட்டினது, சுல்தான் அனுமதி குடுக்கல, அப்புறம் 1903 லேர்ந்து 1964 வரைக்கும் கிரேக்கக் குழந்தைங்களோட அனாதை இல்லமா இருந்துச்சு. இப்ப ஜன்னல்லாம் பெயர்ந்து சாய்ஞ்சு நிக்குது. அத காப்பாத்தினா நல்லாருக்கும்னு மனசு அடிச்சுக்குது, அத்தன ஜன்னல் வழியா அத்தன புள்ளைங்க கடலப் பாத்திருக்கும்.

தீவு உச்சில 200 மீட்டர் உயரத்துல ஆயா யோர்கி தேவாலயம். ஏப்ரல் 23 அன்னிக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வந்து, நூல்கண்டு பிரிச்சுட்டே மலை ஏறுவாங்களாம், நூல் அறுந்து போகாம மேல போயிட்டா வேண்டுதல் பலிக்கும்னு நம்பிக்கை. வர்றது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கதான், சாமி கிறிஸ்தவ சாமி, யாருக்கும் அது ஒரு விஷயமே இல்ல. எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. வழியெல்லாம் புதருல பழைய நூல் மிச்சம் கலர் கலரா.

வெள்ளிக்கிழமை

கடைசி நாள கடிக்கோய்க்குன்னே வச்சிருந்தோம். காலை சாப்பாடு மேஜை முழுக்க குட்டிக் கிண்ணம், நாலு விதம் சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, செர்ரி ஜாம், தேனும் பாலாடையும், தக்காளி முட்டை சட்டி. ரெண்டு பேர்தான் சாப்பிடறோம்னு சொன்னதுக்கப்புறமும் இன்னொரு தட்டு வருது.

அப்புறம் தோம்பிலிய தேடிப் போனோம். தோம்பிலி ஒரு தெருப் பூனை, நல்ல குண்டு, நடைபாதைப் படில ஒரு கைய ஊணி சாஞ்சு உக்காந்து தெருவ வேடிக்க பாக்கற போட்டோ ஊரெல்லாம் பரவுச்சு. 2016 ல அது செத்துப் போனதும் ஜனங்க கையெழுத்து வாங்கி, அதே எடத்துல அதே போஸ்ல வெண்கல சிலை வைக்க வச்சுட்டாங்க, அக்டோபர் 4, உலக விலங்குகள் தினத்தன்னிக்கு. அடுத்த மாசமே யாரோ சிலைய தூக்கிட்டுப் போக, ஊரே சேந்து போட்ட சத்தத்துல சீக்கிரமே திரும்ப வந்துடுச்சு. ஜிவர்பெய்ல அமைதியான தெரு, படி, அதுல குட்டி சிலை, பக்கத்துல யாரோ வச்ச பூனைத் தீனி, அதத் தின்னுட்டு நெசப் பூனை ஒண்ணு. அத்தை சிலை பக்கத்துல அதே மாதிரி கைய ஊணி உக்காந்தாங்க, அந்த போட்டோதான் இந்தப் பயணத்துலயே பெஸ்ட்.

மத்தியானம் ஜெர்மனிலேர்ந்து வந்த பழைய டிராம்ல மோடாவ ஒரு சுத்து சுத்திட்டு, கடலோர டீத் தோட்டத்துல உக்காந்தோம். சாயங்காலம் வேலை ஒண்ணும் இல்லாமயே ஃபெர்ரி ஏறி எமினோனு போயி, எறங்கி, அடுத்த ஃபெர்ரிலயே திரும்பினோம். சூரியன் சுலைமானியேக்குப் பின்னாடி இறங்கற நேரம், போகும்போது இடது பக்கம், வரும்போது வலது பக்கம் உக்காரணும், போறவங்க இத மட்டும் மறக்காதீங்க. டீக்காரர் இன்னிக்கு காசு வாங்கல. நாங்க நாளைக்குக் கிளம்பறோம்னு அத்தை சைகைலயே சொல்லிட்டாங்க, அவர் நெஞ்சுல கைய வச்சு தலைய ஆட்டினாரு.

ரூமுக்கு வந்து பெட்டி கட்டிட்டு இருக்கும்போது அத்தை, "எதிர்னே இங்கேர்ந்து எவ்ளோ தூரம் பாரு கண்ணு"ன்னு கேட்டாங்க. 240 கிலோமீட்டர் கிட்ட, பஸ்ஸு இருக்கு. செலிமியே குவிமாடம் ஹாகியா சோஃபியாவ விட பெருசுன்னு சினான் சொல்லியிருக்காரு, ஹாகியா சோஃபியா குவிமாடமோ சரியான வட்டம் இல்ல, ஒரு பக்கம் கொஞ்சம் நீளம், அப்ப எந்தப் பக்கத்த வச்சு ஒப்பிடறது? ராத்திரி சாப்பாடு முழுக்க இதே பேச்சு. ஏப்ரல்ல வரலாம்னு முடிவாயிருக்கு, அப்ப ஊர் முழுக்க டூலிப் பூத்திருக்கும், 23 ஆம் தேதிய சேத்துப் போட்டா தீவுல நூல்கண்டு ஏத்தத்தையும் பாத்துடலாம். அந்த தடவ அப்பாவையும் இழுத்துட்டு வரணும்னு அத்தை சொல்றாங்க, இப்பவே போன் போட்டு தம்பிகிட்ட பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லி பேசிட்டு இருக்காங்க.